எட்டுவீட்டுப் பொட்டலுக்கு இரண்டு சான்றுகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியமான பொதுக்களஞ்சியத்தில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று தீர்மானிக்கிற வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது. பதினான்கு வருடமாகச் சம்பளம் கிடையாது, ஒரு காப்பிகூடக் கிடையாது. பகலெல்லாம் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் குடுவை கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தால், நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை ஊரில் உள்ளவர்கள் கணினியில் கொட்டிய குப்பையைக் கூட்டுவேன். ஒருவன் தன் மாமனாரைப் பற்றிக் கட்டுரை எழுதி வைத்திருப்பான். இன்னொருவன் தன் புரோட்டாக் கடையைத் தென்னகத்தின் பெருமை என்று எழுதியிருப்பான். மூன்றாமவன் வந்து அந்தக் கடையில் சால்னா தண்ணீர் என்று அதே கட்டுரையில் சேர்த்துவிட்டுப் போயிருப்பான். இதையெல்லாம் நீக்கினால், கருத்துச் சொல்லவென்று அங்கே எனக்கு இருக்கிற பேச்சுப் பக்கத்துக்கு வந்து என் ஏழு தலைமுறையையும் இழுப்பார்கள்.

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டு, குத்துது குடையுதுன்னு பொலம்புற. உனக்கு இது தேவையா?" என்பார் என் கணவர் பாலாஜி.

தமிழ்க் களஞ்சியத்துக்கு நிர்வாகிகள் மொத்தமே எட்டுப் பேர். கட்டுரையை நீக்குகிற பொத்தான் உலகத்தில் எட்டுப் பேரிடம்தான் இருக்கிறது. அந்த எட்டில் ஒருத்தி சாத்தூர் வினோதினி. அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனையும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

ஐப்பசி மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாசலில் ஒரு பையன் வந்து நின்றான். பையன் என்றால் இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். முழங்கால் வரை கரிசல் மண் அப்பியிருந்தது.

"வினோதினி மேடம் நீங்கதானா?"

"ஆமா. என்ன வேணும்?"

"எங்க ஊரை நீங்கதான் அழிச்சீங்களாம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் என்ன புயலா தம்பி, ஊரை அழிக்கிறதுக்கு? எந்த ஊரு?"

"எட்டுவீட்டுப் பொட்டல். நான் முகிலரசு."

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, நீக்கல் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். இருந்தது. போன தை மாதம் களஞ்சியத்தில் துப்புரவு வாரம் என்று ஒன்று கொண்டாடினோம். 'இன்னது, இன்ன மாவட்டத்தில் உள்ள ஒரு சிற்றூர்' என்று ஒரே வரியோடு, சான்று எதுவும் இல்லாமல் கிடந்த கட்டுரைகளைக் களைவதுதான் வேலை. நான் ஒருத்தி மட்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகளை நீக்கினேன். அதற்காக எனக்குக் கணினியில் ஒரு துடைப்பப் பதக்கம்கூடக் கொடுத்தார்கள். எட்டுவீட்டுப் பொட்டல் அதில் முந்நூற்று நாற்பதாவது.

"கட்டுரையைத்தான் தம்பி நீக்கினேன். ஊரு இருந்த இடத்துலதான இருக்கு?"

"ரெண்டும் ஒண்ணாயிருச்சு மேடம். வைகாசியில இருந்து ஆளில்லா ஆம்புலன்ஸ் உங்க களஞ்சியத்தைப் பாத்துத்தான் ஓடுது. அதுல ஊரு இல்லைன்னா வண்டி வராது."

அது எனக்குத் தெரியும். ஒவ்வோர் இலாகாவும் ஒவ்வோர் ஊர்ப் பட்டியல் வைத்திருந்ததாம். இயந்திரங்கள் குழம்பினவாம். அதனால் எல்லோருக்கும் பொதுவாகக் களஞ்சியத்தையே வைத்துக்கொள்வோம் என்று மேலே யாரோ முடிவு செய்துவிட்டார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? ஓசியில் கிடைக்கிறது, எடுத்துக்கொண்டார்கள். புரோட்டாக் கடைக்காரனோடு மல்லுக்கட்டுகிற எட்டுப் பேரை நம்பி உயிர் காக்கிற வண்டியை ஓட்டுகிறார்களே, இவர்களை எதைக் கொண்டு அடிப்பது?

"போன்ல இடம் காட்டுமே, அதை வச்சு வரலாமே?"

"சும்மா கூப்பிட்டு விளையாடுறவங்க ஜாஸ்தியாம். அதனால ஊர் பேரு பட்டியல்ல இருந்தாத்தான் வண்டி நகரும். நாங்க பேரைச் சொன்னா, 'அப்படி ஓர் ஊர் இல்லை, அருகிலுள்ள சாலைக்கு வரவும்'னு பதமாச் சொல்லுது. சாலை நாலு கிலோமீட்டர் மேடம். மழை பேஞ்சா எங்க கரிசல்ல பைக் புதையும், மாட்டு வண்டி புதையும். அந்த ஆம்புலன்ஸ் சக்கரம் ஒண்ணுதான் புதையாது."

"அவசரமா ஏதாவது..."

"என் வீட்டுக்காரிக்கு இது ஒன்பதாம் மாசம். தர்ஷிகான்னு பேரு. மொதப் பிள்ளை ஆபரேஷன்ல பொறந்து தங்கலை. வலி எடுத்தா ஒரு மணி நேரத்துல கொண்டாந்துரணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. முன்னாடியே சேத்துக்கோங்கன்னா, படுக்கை இல்லைங்குறாங்க." அவன் என் கணினியைப் பார்த்தான். "நீங்கதான அழிச்சீங்க. நீங்களே திருப்பிப் போட்ற முடியாதா?"

"முடியாது தம்பி. விதி இருக்கு" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபடி சேர்க்க வேண்டுமானால் அந்தக் கட்டுரைக்கான பேச்சுப் பக்கத்தில் உரையாடல் தொடங்க வேண்டும், ஏழு நாள் நடக்கும், சான்று காட்ட வேண்டும் என்று அவனுக்கு விளக்கினேன். அவன் பையிலிருந்து வாக்காளர் பட்டியல், ரேஷன் அட்டை, மின்கட்டண ரசீது, மாரியம்மன் கோயில் கொடை நோட்டீஸ் என்று எடுத்து மேசைமேல் பரப்பினான்.

"இதுல எதுவும் செல்லாது."

"கவர்மெண்டு குடுத்த பட்டியல் மேடம்!"

"விதி பதினொண்ணு. ஓர் ஊரைச் சேக்கணும்னா, ஒண்ணுக்கொண்ணு தொடர்பில்லாத ரெண்டு பேப்பர் அந்த ஊர் பேரைச் சொல்லி எழுதியிருக்கணும்."

"எந்தக் கூறுகெட்டவன் எழுதுன விதி அது?"

நான்தான் எழுதினேன். எட்டு வருடத்துக்கு முன், ஒருத்தன் தன் தென்னந்தோப்பை ஓர் ஊர் என்று சேர்த்தபோது கடுப்பில் எழுதியது. அதை அவனிடம் சொல்லவில்லை.

அன்றைக்கே உரையாடலைத் தொடங்கினேன். தலைப்பு: 'எட்டுவீட்டுப் பொட்டல்: மீட்கலாமா?' ஐந்து நிமிடத்தில் முதல் பதில் வந்துவிட்டது. எழுதியவர் அளவுகோல். அது புனைபெயர். ஆள் கோயம்புத்தூரில் ஓய்வு பெற்ற பொறியாளர், பெயர் ஹரிபிரசாத். எங்கள் எட்டுப் பேரில் அவரும் ஒருவர். மனிதர் நல்லவர்தான். ஆனால் விதியை விட்டு நூலிழை நகர மாட்டார். 'சான்று இல்லை. குறிப்பிடத்தக்கமை இல்லை. வேண்டாம்' என்று எழுதியிருந்தார். அதோடு விட்டாரா? 'ஓர் ஊரில் மனிதர் வாழ்வது அந்த ஊரைக் குறிப்பிடத்தக்கதாக்கிவிடாது' என்று நான் எப்போதோ எழுதிய வாக்கியத்தை, என் பெயரோடு எடுத்துக் கீழே ஒட்டியிருந்தார்.

போனைப் போட்டேன்.

"ஏனுங்க ஹரி, அங்க ஒரு பொண்ணு பிள்ளைத்தாய்ச்சியா இருக்கு."

"தெரியுதுங்க வினோதினி. எனக்கு மட்டும் மனசு இல்லீங்களா? ஆனா இன்னைக்கு இதுக்கு வளைச்சமுன்னா நாளைக்குத் தென்னந்தோப்புக்காரன் வந்து நிப்பானுங்க. நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்களே?"

"நான் சொன்னதை எனக்கே திருப்பாதீங்க."

"பின்ன யாருக்குத் திருப்பறதுங்க? ரெண்டு பேப்பர் கொண்டாங்க, நானே என் கையால மீட்டு விடறேன்."

இரண்டு பேப்பருக்கு நான் எங்கே போவேன்? இன்றைக்குப் பத்திரிகைகளை எழுதுவது மனிதனா? இயந்திரம். அது களஞ்சியத்தில் இல்லாத ஊரின் பெயரை அச்சிடாது. களஞ்சியமோ பத்திரிகையில் பெயர் வராத ஊரைச் சேர்க்காது. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதைதான். இந்தக் கூத்தில் கயிற்றின் ஒரு முனையைக் கட்டியது நானே என்பதுதான் எரிச்சலிலும் எரிச்சல்.

புதன்கிழமை ஆய்வகத்தில் குடுவை கழுவிக்கொண்டிருந்தபோதுதான் போன வருடத்துச் சால்னாச் சண்டை ஞாபகம் வந்தது. சால்னாவுக்குத் தனிக் கட்டுரை வேண்டுமா, குழம்பு என்ற கட்டுரையோடு சேர்த்துவிடலாமா என்று களஞ்சியத்தில் இருநூறு பேர் அடித்துக்கொண்டார்கள். அதைப் பத்திரிகைகள் விடாமல் எழுதின. பத்திரிகை இயந்திரங்களுக்குச் சண்டை என்றால் வெல்லம். எந்தப் பேச்சுப் பக்கத்திலாவது கருத்து நூறைத் தாண்டினால், தலைப்போடு செய்தியாக்கிவிடும். பேச்சுப் பக்கமும் களஞ்சியத்தின் பக்கம்தானே? அதன் தலைப்பில் ஊர்ப் பெயர் இருக்கிறதே!

அட, சண்டைதானே வேண்டும்? தமிழர்களிடம் வேறு எதற்குப் பஞ்சம் வந்தாலும் அதற்கு வருமா?

அன்று சாயங்காலம் பேச்சுப் பக்கத்தில் ஒரு வரி எழுதினேன். 'பெயர் எட்டுவீடு என்கிறது. ஆனால் அங்கே நாற்பத்து மூன்று வீடுகள் உள்ளன. எனவே மீட்பதாக இருந்தால் பெயரை மாற்றித்தான் மீட்க வேண்டும்.' எழுதிவிட்டு எழுந்து போய் தோசைக்கு மாவு கரைத்தேன். திரும்பி வருவதற்குள் பதினாறு பதில். ஊர்ப் பெயரை மாற்ற நீ யார் என்று ஆறு பேர். நாற்பத்து மூன்று வீடு என்பதற்குச் சான்று எங்கே என்று நாலு பேர். பொட்டல் வேறு, தரிசு வேறு, இந்த நிலம் எது என்று யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். சிங்கப்பூரிலிருந்து ஒருவர், இந்த எட்டு வீட்டில் ஒன்று எங்கள் பாட்டனாருடையது என்று ஆரம்பித்தார். வியாழக்கிழமை அறுபது ஆயிற்று. தணியும்போதெல்லாம் நான் ஒரு வரி போட்டு விசிறினேன்.

முகிலரசு தினமும் போன் செய்வான்.

"மேடம், என்னத்த இம்புட்டு ஏசுறாங்க? எங்க ஊர்க்காரங்களைக் களவாணிப் பயகன்னு ஒருத்தர் எழுதியிருக்காரே!"

"எழுதட்டும் தம்பி. நீயும் பதிலுக்கு ரெண்டு ஏசு. தர்ஷிகா எப்படி இருக்கு?"

"கால் வீங்கிக் கெடக்கு. வானம் மூட்டமாவே இருக்கு மேடம்."

சனிக்கிழமை நூறு தாண்டியது. ஞாயிறு ஒரு பத்திரிகையில் வந்தது: 'எட்டுவீட்டுப் பொட்டல்: இருக்கிறதா, இல்லையா?' திங்கட்கிழமை இன்னொன்றில்: 'எட்டுவீட்டுப் பொட்டலில் எத்தனை வீடு? இணையத்தில் அமளி'. இரண்டு பத்திரிகை, இரண்டு முதலாளி, பெயர் தெளிவாக. கொண்டுபோய் ஒட்டினேன். செவ்வாய் சாயங்காலம் ஏழாம் நாள் முடிந்ததும், சொன்ன சொல் மாறாமல் ஹரி தன் கையாலேயே மீட்டார். 'சான்று இரண்டு. விதிப்படி சரி.'

வியாழக்கிழமை காலையில் தர்ஷிகாவுக்கு வலி எடுத்தது. ஆம்புலன்ஸ் கரிசலில் இறங்கி, எட்டுவீட்டுப் பொட்டலின் வேப்பமரத்தடியில் போய் நின்றது. பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு விதியையும் மீறாமல், ஒருத்தரிடமும் கெட்ட பெயர் வாங்காமல் ஓர் ஊரையே திரும்பக் கொண்டுவந்துவிட்டேனே! பாலாஜியிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்றாம் தடவை அவர் காதில் பஞ்சை வைத்துக்கொண்டார்.

மற்ற அறுநூற்றுப் பதினோரு ஊர்களும் உனக்கு நினைவுக்கு வரவில்லையா என்று கேட்பீர்கள். வரவில்லை என்று சொன்னால் என் வாய் வெந்துபோகும். வந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

சனிக்கிழமை முகிலரசு வந்தான். சாத்தூர்க்காரிக்கே சாத்தூர்ச் சேவு ஒரு கிலோ வாங்கி வந்திருந்தான். திருப்பதிக்கே லட்டா என்று அவனைக் கிண்டல் செய்துகொண்டிருந்தபோதுதான், பின்னால் இன்னொருவர் நிற்பதைக் கவனித்தேன். அறுபது வயதுக்குக் கிட்டத்தில் இருக்கும். மழித்த தலை.

"இவர் ஜெயபால் பெரியப்பா. கருங்கரட்டுக்காரர். எங்க ஊருக்கு வடக்க ரெண்டு மைல்" என்றான் முகிலரசு. "அவங்க ஊரும் களஞ்சியத்துல இல்லையாம். நான்தான் உங்களைப் பத்திச் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்."

"உக்காருங்க அண்ணாச்சி."

அவர் உட்காரவில்லை. சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் இரண்டை எடுத்து, மடிப்பை நீவி, என்னிடம் நீட்டினார். "ரெண்டு பேப்பர் வேணும்னு முகில் சொன்னான் தாயி. எங்க ஊருக்குச் சண்டையெல்லாம் போட வேண்டியதில்ல. எங்கிட்டயே ரெண்டும் இருக்கு."

வாங்கிப் படித்தேன். இரண்டும் போன சனிக்கிழமைப் பத்திரிகை. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே செய்தி. சாத்தூருக்கு வடக்கே, பெயர் பதிவில்லாத ஓர் இடத்தில், வெள்ளிக்கிழமை காலை பாம்பு கடித்து சுகன்யா என்ற பெண் இறந்தார். ஆம்புலன்ஸ் நிற்கும் சாலைக்குக் கட்டிலில் வைத்துத் தூக்கிவரும் வழியிலேயே உயிர் பிரிந்தது.

"என் வீட்டுக்காரி" என்றார். "பருத்திக் காட்டுல களை எடுக்கப் போனா. கட்டுவிரியன்."

முகிலரசு தலையைக் குனிந்துகொண்டான்.

வெள்ளிக்கிழமை. உரையாடலின் நாலாம் நாள். அன்றைக்கு நான் பொட்டலா தரிசா என்று ஒரு வரி போட்டு நெருப்பை விசிறிக்கொண்டிருந்தேன்.

"இதுல ஊர் பேரு இல்லையே அண்ணாச்சி" என்று என் வாய் சொல்லிவிட்டது. பதினான்கு வருடப் பழக்கம். அந்த நிமிடம் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"பேரு இல்லதான். ஆனா அது எங்க ஊருதாம்மா" என்றார் அவர். கோபமே இல்லை. விரலால் அந்த வரியைத் தொட்டுக் காட்டினார். "பெயர் பதிவில்லாத ஓர் இடம்னு இருக்குல்ல, இதுதான் கருங்கரடு. செத்தவ போயிட்டா. ஊருல இன்னும் அறுபது பேர் இருக்கோம். பருத்திக் காட்டுல களை இன்னும் எடுத்து முடியல. எப்பச் சேப்பீங்க, இதுக்கும் ஏழு நாள் ஆகுமா?"

முகிலரசுவிடம் முடியாது என்று சொன்னேன் அல்லவா? அது பொய். நிர்வாகி நீக்கிய கட்டுரையை அதே நிர்வாகி ஒரே சொடுக்கில் மீட்கலாம். மீட்டது குறைந்தது ஏழு நாளாவது களஞ்சியத்தில் இருக்கும். வேண்டாம் என்பவர்கள் அதற்குள் பேசி முடிவெடுக்க வேண்டும். ஆனால் விதி நான்கு என்று ஒன்று உண்டு. உரையாடாமல், தான் நீக்கியதைத் தானே மீட்கும் நிர்வாகியின் பதவி அந்தக் கணமே பறிபோகும், திரும்பக் கிடைக்காது. எட்டில் ஒருத்தி என்ற அந்த ஒரு வரிக்காகத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை முடியாது என்றேன். வேறு ஒரு காரணமும் இல்லை.

"இல்ல அண்ணாச்சி, ஏழு நாள் ஆகாது" என்றேன். "ஒரு நிமிஷம் இருங்க."

கணினியின் முன்னால் உட்கார்ந்தேன். நீக்கல் பதிவேட்டில் அந்தத் தை மாத ஞாயிற்றுக்கிழமைக்குப் போனேன். கருங்கரடும் அதில்தான் கிடந்தது. ஒவ்வொன்றாகத் தொடவில்லை, அனைத்தும் என்பதைத் தொட்டேன். அறுநூற்றுப் பதினொன்று. காரணம் எழுதச் சொல்லிக் கட்டம் வந்தது. 'நீக்கியது என் தவறு' என்று எழுதினேன். சான்று என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன். பொத்தானை அழுத்தினேன்.

பட்டியலில் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சையாயின. கருங்கரடு தொண்ணூறாவதோ என்னவோ. எல்லாம் முடிந்ததும் திரையின் மேலே சிவப்பில் ஒரு வரி வந்தது: விதி நான்கின்படி உங்கள் நிர்வாகிப் பதவி நீக்கப்பட்டது. அழுத்துவதற்கு இனி என்னிடம் பொத்தான் இல்லை.

"ஆயிருச்சு அண்ணாச்சி. இனிமே வண்டி வரும்."

அவர் திரையைப் பார்த்தார். பிறகு சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷங்கூட ஆகலையேம்மா" என்றார்.